டப்பாவுக்கு வெளியே இருக்கட்டும் வண்ணம்

(நவராத்திரிக்கு முன்பாகச் சக்குபள்ளத்தில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் பேசியது. வெளியூர் அன்பர்களும் படிக்கட்டும் என்று ஆசிரியர் கேட்டதால், கைக்குறிப்பிலிருந்து எழுதியிருக்கிறேன்.)



மாமிகள் எல்லோரும் செய்து கைபழகிய ஒரு விஷயத்தைப் பற்றி, தூரிகையைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாத என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அடுக்களையில் இருக்கும் டப்பா, குப்பி, பானை, பெட்டி இவற்றுக்கு வண்ணம் தீட்டி அழகாக்குவதுதான் விஷயம். வெளியூர் அன்பர்களுக்கு ஊரைச் சொல்லிவிடுகிறேன். சக்குபள்ளம் இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கும் அணக்கரைக்கும் அருகில் இருக்கும் ஏலக்காய்ப் பூமி. செல்லார்கோவில் விளிம்பில் போய் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஆடி பிறந்தால் மழையும் மூடுபனியும் வீட்டை விட்டு நகர விடாது. அந்த நாட்களில்தான் பழைய ஹார்லிக்ஸ் குப்பிகளும் பிஸ்கட் டின்களும் பூவாகவும் மயிலாகவும் மாறுகின்றன. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது என்பது என் அபிப்பிராயம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கிண்ணம் வீடு வீடாகச் சுற்றி, மறு வருஷம் நம்மிடமே திரும்பி வருகிறது. கையால் தீட்டிய குப்பியை யாரும் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவதில்லை.

நான் பாலக்காட்டு அக்ரஹாரத்தில் பிறந்தவன். ரசாயனத்தில் பி.எஸ்ஸி. பட்டம். அதற்கும் எனக்குக் கிடைத்த சர்க்கார் உத்தியோகத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் போயிற்று. ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டோடு இங்கே வந்து சேர்ந்தேன். படித்த ரசாயனம் கடைசியில் பெயிண்ட் டப்பாவைப் பார்க்கும்போதுதான் உபயோகப்படுகிறது.

பண்டம் வைக்கும் பாத்திரத்தை அலங்கரிப்பது நமக்குப் புதிதல்ல. குங்குமச் சிமிழை நினைத்துப் பாருங்கள். அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான் வைத்து விளையாடாத பெண் குழந்தை நம் தலைமுறையில் உண்டா? மரத்தைக் கடைசல் பட்டறையில் சுழல விட்டு, வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தின்மேல் படியும். கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் இதே முறைதான். தாழை மடல் வைத்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். அரக்கு என்பது ஒரு பூச்சி சுரக்கும் பிசின். ஏட்டிகொப்பாக்காவில் மஞ்சள், அவுரி போன்ற தாவரச் சாயங்களைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபட்டவர் சி.வி. ராஜு. 2023-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் கேரளத்தில் தலச்சேரி அருகே நெட்டூர்ப் பெட்டி உண்டு. வீட்டுக்கூரை போல மூடி, பித்தளைப் பூண், சிவப்பு மெருகு. கல்யாணப் பெண்ணின் நகை அதில்தான் போகும்.

இவையெல்லாம் கலைஞர்கள் சமாசாரம். நம் வீடுகளில் நிஜமாகவே வண்ணம் பூசியிருந்த பெட்டி எது என்றால், தகர டிரங்குப் பெட்டிதான். பச்சை அல்லது கறுப்பு அடித்து, மூடியில் வெள்ளையில் பெயரும் ஊரும் எழுதி, ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ. பம்பாய், டெல்லி, கல்கத்தா என்று உத்தியோகத்துக்குப் போன நம் பெரியவர்களோடு ரயிலேறிப் போன பெட்டி. அந்தப் பெயிண்ட் அழகுக்காக அடித்ததல்ல. இரும்புத் தகடு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். நடுவே ஒரு படலம் இருந்தால் பிடிக்காது. பூ பிறகு வந்ததுதான்.

அந்தப் படலத்தில் என்ன இருந்தது என்பதைப் பற்றித்தான் நான் இன்று முக்கியமாகப் பேச வேண்டும். இரும்புக்கு முதல் பூச்சாக அடித்த செஞ்சிவப்பு பிரைமர், ஈயத்தின் ஆக்ஸைடு. பளிச்சென்ற மஞ்சள், ஈயக் குரோமேட். அதில் நீலம் சேர்த்தால் பச்சை. பெயிண்ட் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். நிறம் மங்காது, மழை தாங்கும், விலையும் மலிவு. பெயிண்ட் செய்பவருக்கு ஈயத்தைப் போல சிநேகிதன் கிடையாது.

உடனே ஒரு மாமி, "அப்போ ஈயச் சொம்பிலே ரசம் வைக்கப்படாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. தமிழில் இரண்டு உலோகத்துக்கும் ஈயம் என்று பெயர் வைத்துவிட்டோம். ரசச் சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம். சுத்தமாக இருந்தால் தோஷம் இல்லை. தகர டப்பாவின் இரும்புத் தகட்டின்மேல் மெல்லிசாகப் பூசியிருப்பதும் வெள்ளீயமே. பெயிண்டில் இருந்தது காரீயம். விஷம் அதுதான். (சொம்பு வாங்கும்போதும் காரீயக் கலப்படம் இல்லாததாக, நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். விலை மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.)

காரீயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளை அதிகம் படுத்தும். மூளை வளரும் வயதில் உள்ளே போனால் படிப்பு, கவனம், நடத்தை எல்லாவற்றையும் மெதுவாகக் கெடுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. இதைவிடக் கீழே போனால் பயமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பெயிண்டுக்கும் குழந்தைக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லாக்ஹார்ட் கிப்ஸன் என்று ஒரு கண் வைத்தியர். பார்வை மங்கியும் கைகால் சோர்ந்தும் குழந்தைகள் அவரிடம் வந்துகொண்டே இருந்தார்கள். ஈய விஷம் என்பது தெரிந்தது. எங்கிருந்து என்பது தெரியவில்லை. வீட்டுத் தாழ்வாரத்து மரக் கம்பிகளில் அடித்த பெயிண்ட் வெயிலில் பொடிந்து, விரலில் ஒட்டி, நகம் கடிக்கும் குழந்தையின் வாய்க்குப் போகிறது என்று 1904-ல் எழுதினார். அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடுத்தது 1978-ல். நம் நாட்டில் 2016-ல் விதி வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்து லட்சம் பங்கு பெயிண்டில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. கிப்ஸன் சொல்லி நூறு வருஷத்துக்கு மேல்!

இந்த விதியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உள்ள பெயிண்டுக்கு மட்டும். வண்டிக்கும் இயந்திரத்துக்கும் அடிக்கும் தொழிற்சாலைப் பெயிண்ட் இதற்குள் வராது. ஆகவே ஒர்க்‌ஷாப்பில் மீந்தது, லாரிக்கு அடித்தது போக மிச்சம் என்று யாராவது கால் டப்பா கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விதி வந்த பிறகும் சில சிறு தயாரிப்புகளில் ஈயம் அளவை மீறியிருப்பதை டெல்லியில் உள்ள டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு பரிசோதித்துச் சொல்லியிருக்கிறது. கடையில் டப்பாவைத் திருப்பி, ஈயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது, எந்த வருஷம் செய்தது என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். போன மாதம் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பரணிலிருந்து மாமனாரின் டிரங்குப் பெட்டியை இறக்கியிருந்தார்கள். 1950-களில் வாங்கியது. கொலுப் படிக்குப் பக்கத்தில் புதுசாக வண்ணம் அடித்து வைக்கலாம் என்று யோசனை. பழைய பெயிண்டைத் தேய்த்து எடுக்க உப்புத்தாள் வாங்கி வந்தாயிற்று. தேய்க்கப் போகிறவள் அந்த வீட்டு மாட்டுப்பெண். அவளுக்கு ஐந்தாவது மாசம்.

நான், "குழந்தே, அந்தத் தாளைக் கீழே வை" என்றேன். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்காத்துப் பெட்டியாக்கும் இது. அவர் பம்பாய்க்குக் கொண்டுபோன பெட்டியை விஷம்னு சொல்றேளே!" என்றார். வருத்தம் நியாயமானதுதான். பெட்டி பெட்டியாக இருக்கும் வரை அதில் தப்பில்லை என்று சொன்னேன். அந்தக் காலத்துப் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் என்றால் ஈயம் உண்டு என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். படலம் உரியாமல் கெட்டியாக இருந்தால் அது உள்ளேயே கிடக்கும். உப்புத்தாள் போட்டால் மாவு மாதிரித் தூசியாகிவிடும். அந்தத் தூசி மூச்சில் போகும், தரையில் படியும், தவழும் குழந்தையின் கையில் ஒட்டும். அம்மாவின் ரத்தத்தில் கலந்த ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கும் போகும். அது மட்டுமல்ல. ஈயம் எலும்பில் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து பல வருஷம் தங்கும் குணமுள்ளது. கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்படும்போது அதுவும் கூடவே கிளம்பி வரும்.

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே பெட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். தேய்க்காமல், சுரண்டாமல், ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேலே இரண்டு கை வார்னிஷ் அடித்தோம். பெயரும் ஊரும் ரோஜாப்பூவும் அப்படியே இருக்கின்றன. புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்தப் பெயர் போயிருக்கும். எனக்கென்னவோ இதுதான் அழகாகத் தெரிகிறது.

பெயிண்ட் உரிந்து செதில் செதிலாக விழும் பெட்டியானால் இந்த வைத்தியம் போதாது. அதில் உடுப்போ மளிகையோ வைக்காதீர்கள், குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கவும் வேண்டாம்.

அடுத்தது குப்பி. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஹார்லிக்ஸ் குப்பிக்கு உள்ளும் புறமும் எனாமல் அடித்து, மூன்றாம் நாளே பச்சை ஏலக்காயை நிரப்பி மும்பையில் இருக்கும் பெண்ணுக்கு அனுப்பினார்கள். அங்கே பாயசம் வைத்தால் டர்பன்டைன் வாசனை. "என்னம்மா, ஏலக்காயா, புதுக் கதவா?" என்று டெலிபோன் வந்ததாம். காரணம் சுலபம். எனாமலில் டர்பன்டைன் ஆவியாகிப் போவதோடு காரியம் முடிவதில்லை. அதிலுள்ள பிசின் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டுதான் இறுகும். தொட்டால் ஒட்டாது என்பதற்கும் உள்வரை காய்ந்தது என்பதற்கும் நடுவே பல நாட்கள் உண்டு. அந்த நாட்களில் மூடி வைத்தால் ஆவி முழுவதும் உள்ளிருக்கும் பண்டத்துக்குத்தான். இதில் ஏலக்காய் மற்றப் பண்டங்களைவிட மோசம். சினியோல் என்று அதில் ஒரு எண்ணெய். யூகலிப்டஸ் தைலத்திலும் அதுதான் பிரதானம். பெயிண்டையும் சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கும் சக்தி அதற்கு உண்டு. பெயிண்ட் ஏலக்காயைக் கெடுக்க, ஏலக்காய் பெயிண்டைக் கெடுக்கும்.

ஆனால் இதே குப்பிக்கு வெளியே வண்ணம் தீட்டினால் அது ஏலக்காய்க்குச் செய்யும் உபகாரம் பெரிது. எங்கள் ஊரில் காய்க்கு விலை வைப்பது பருமனும் பச்சை நிறமும் பார்த்துத்தான். புற்றடியிலும் போடியிலும் ஏலத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்தப் பச்சை இலைப்பச்சைதான். வெளிச்சம் பட்டால் வெளுக்கும். அதனால்தான் உலர்த்திய காயைக் கறுப்புப் பாலிதீன் வைத்த சாக்கில் கட்டி இருட்டறையில் வைப்பார்கள். நகரத்து வீடுகளில் ஜன்னலோரம் கண்ணாடிக் குப்பியில் வைத்துவிட்டு, "இடுக்கிக் காய்னு சொன்னான், வைக்கோலாட்டம் ஆயிடுத்து" என்று குறைப்படுவார்கள். குப்பியின் வெளிப்புறம் கெட்டியாக வண்ணம் இருந்தால் உள்ளே இருட்டு. மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் இவற்றுக்கும் அதே லாபம். வாயிலிருந்து இரண்டு விரல் அகலம் விட்டுத் தீட்டுங்கள். மூடி திருகும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் உரசி உரசிப் பொடி உள்ளே விழும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமானால் வாசனைத் தொல்லை குறைவு. அதற்கும் இரண்டு, மூன்று வாரம் மூடியில்லாமல் காற்றாட விடுங்கள். வண்ணக் குப்பியில் 'நச்சற்றது' என்று எழுதியிருப்பது தீட்டுகிறவர் கைக்காகச் சொன்னது. சாப்பாட்டுப் பண்டம் அதில் படலாம் என்று அர்த்தமில்லை.

மண்பானையைப் பற்றி ஒரு வார்த்தை. குடிநீர்ப் பானைக்கு எனாமல் அடித்து மயில் போட்டு, பிறகு தண்ணீர் குளிரவில்லை என்று பானைக்காரனைத் திட்டக் கூடாது. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளியே வந்து ஆவியாகிறது. ஆவியாக வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்வதால்தான் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. துளையை அடைத்தால் பானை வெறும் குடம். கழுத்தில் காவியும் சுண்ணாம்பும் கொண்டு ஒரு வரிக்கோலம் போதும். நம் பாட்டிமார் அதற்கு மேல் செய்ததில்லை.

ஊறுகாய்ப் பரணிக்கு (மற்ற ஊர்க்காரர்கள் ஜாடி என்பார்கள்) வண்ணமே வேண்டாம். மேலே பழுப்பும் கீழே சந்தன நிறமுமாக அது சூளையிலேயே அழகாகித்தான் வருகிறது. உப்பும் புளிப்பும் எண்ணெயும் எதையும் கரைத்துவிடும். அதைவிட, அலங்காரத்துக்கென்று விற்கும் பளபளப்பான சிவப்பு, மஞ்சள் பீங்கான் பாண்டங்களில் ஊறுகாய் போடாதீர்கள். குறைந்த சூட்டில் சுட்ட மெருகில் ஈயம் இருக்கலாம். எலுமிச்சங்காய் அதைக் கறந்துவிடும்.

பிளாஸ்டிக் டப்பா பெரும்பாலும் பாலிதீன் அல்லது பாலிபுரோப்பிலீன். அதன் மேல் எந்தப் பெயிண்டும் பிடித்து நிற்காது. இன்று அழகாக இருக்கும், ஆறு மாதத்தில் அரிசியில் செதில் கிடக்கும். அதற்குத் துணி ஒட்டலாம். தீட்ட வேண்டாம்.

கடைசியாக, வண்ணத்தால் கிடைக்கும் ஒரு நன்மை. இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்கு என் வயது. என் சம்சாரத்துக்கு உப்பும் சர்க்கரையும் மாறிப்போகும் அளவுக்குப் பார்வை குறைந்தபோது, என் பேத்தி டப்பாக்களுக்கு வண்ணம் மாற்றி அடித்துக் கொடுத்தாள். முதலில் நீலமும் பச்சையும். பிரயோஜனப்படவில்லை. வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிவிடும். நீலம், பச்சை, ஊதா மூன்றும் ஒன்றுபோல் தெரியும். பிறகு உப்புக்கு வெள்ளை டப்பாவில் கறுப்பு வளையம், சர்க்கரைக்குச் சிவப்பு என்று மாற்றினாள். சர்க்கரை டப்பாவின் வெளிப்பக்கத்தில் தடிமனான வண்ணத்தால் ஐந்து புள்ளி மேடாக வைத்தாள். கை தடவினாலே தெரியும். மாத்திரைப் பெட்டிக்கும் இப்படியே செய்தோம். காலைக்கு ஒரு புள்ளி, ராத்திரிக்கு இரண்டு. ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஒரே மாதிரிச் சின்ன வெள்ளை வில்லைகளாக வருகிற காலத்தில் இது விளையாட்டு விஷயமல்ல. தனியாக இருக்கும் பெரியவர்களுக்குக் கொலுவில் எதைக் கொடுப்பது என்று யோசிப்பவர்கள் இப்படி ஒரு பெட்டி தீட்டிக் கொடுங்கள்.

பேசி முடித்தபின் ஒருவர், பேரக் குழந்தை பழைய பொம்மை, டப்பா மூடி எல்லாவற்றையும் கடிக்கிறான், என்ன செய்வது என்று கேட்டார். குழந்தை வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். ரத்தத்தில் ஈயம் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. இரும்புச் சத்து குறைந்த குழந்தையின் உடம்பு ஈயத்தை அதிகமாக இழுக்கும், ஆகவே சோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார். கடித்த மூடியைக் காயலான் கடைக்குப் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கொலுவுக்குக் கொடுக்கத் தீட்டுகிறவர்கள், காற்றாட வேண்டிய மூன்று வாரத்தைக் கணக்கில் வைத்து, இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள். மழை விடாவிட்டால் இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.